பெண்கள் இயக்கிய குறும்படங்களைத் திரையிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் இயக்குநர்களின் குறும்படங்களைத் தொகுத்துத் திரையிட நினைப்பவர்களும், தங்கள் படத்தை எங்கே காட்டுவது என்று வழி தேடும் இயக்குநர்களும், பார்வையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. உடன்படாதவர்கள் தங்கள் திரையிடலை வேறு விதமாக நடத்தலாம். நடத்தாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.

படம் நன்றாக இருந்தால் போதாதா? இயக்கியவர் ஆணா பெண்ணா என்று ஏன் பார்க்க வேண்டும்?

அரங்கில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு படம் அரங்குக்கு வந்து சேரும் முன் பல கைகளைக் கடந்து வருகிறது. பணம் யாருக்குக் கிடைத்தது, கேமரா யாரை நம்பிக் கொடுக்கப்பட்டது, யாருடைய படத்தைப் பற்றி யார் எழுதினார்கள், எந்தப் பிரதியை யார் பத்திரப்படுத்தினார்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சில படங்கள் கழிந்துபோகின்றன. இந்த வடிகட்டலில் பெண்களின் படங்கள் அதிகமாக விழுந்துபோயின என்பதற்கு சினிமாவின் தொடக்கத்திலேயே சான்று இருக்கிறது.

லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பரில். அடுத்த ஆண்டே, பிரான்ஸின் கோமோன் திரைப்பட நிறுவனத்தில் செயலாளராகப் பணியாற்றிய ஆலிஸ் கீ என்ற இளம்பெண் ஒரு நிமிட அளவிலான கதைப்படம் ஒன்றை எடுத்தார். கதை சொல்லும் படத்தை முதன்முதலில் எடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அதன்பின் நூற்றுக்கணக்கான படங்களை இயக்கினார். 1910-இல் அமெரிக்காவில் சோலாக்ஸ் என்ற பெயரில் சொந்தமாக ஸ்டூடியோவே தொடங்கினார். அப்படிப்பட்டவரின் பெயர் சினிமா வரலாற்று நூல்களில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அவருடைய படங்களில் சில ஆண் இயக்குநர்களின் பெயரில் பதிவாயின. பெரும்பாலான படங்கள் அழிந்தே போயின. அவர் படம் எடுக்காமல் இருந்துவிடவில்லை. எடுத்ததைக் காட்டவும் காக்கவும் ஆளில்லாமல் போனதுதான் நடந்தது.

குறும்படத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். முழுநீளப் படத்துக்குத் திரையரங்கு, விளம்பரம், விமர்சனம், தொலைக்காட்சி உரிமை என்று ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. குறும்படத்துக்குத் திரையிடல் ஒன்றுதான் கதி. முதல் முழுநீளப் படத்துக்கு முதலீடு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண் இயக்குநர் பலருக்கு அவர்களுடைய மூன்று, நான்கு குறும்படங்கள்தான் மொத்தப் படைப்பு. அவற்றையும் யாரும் பார்க்கவில்லை என்றால் அந்த இயக்குநரையே யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

இப்படித் தனியாகத் திரையிடும் வழக்கம் எப்போது தொடங்கியது?

அமைப்பாகத் திரண்டது 1970-களில். 1972-இல் நியூயார்க்கில் பெண்களின் படங்களுக்கென்று சர்வதேச விழா ஒன்று நடந்தது. அதே ஆண்டு எடின்பரோ திரைப்பட விழாவும் பெண்களின் படங்களுக்கெனத் தனிப்பிரிவை ஒதுக்கியது. பெண்களின் படங்களை விநியோகிக்கும் 'விமன் மேக் மூவீஸ்' நியூயார்க்கில் நிறுவப்பட்டதும் 1972-இல்தான். பிரான்ஸில் 1979-இல் சோ நகரில் தொடங்கிய பெண்கள் திரைப்பட விழா 1985-இல் கிரெத்தேய் நகருக்கு இடம்பெயர்ந்து அங்கேயே நிலைத்துவிட்டது. சியோல் சர்வதேசப் பெண்கள் திரைப்பட விழா 1997-இல் தொடங்கியது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த முன்னுதாரணம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1946-இல் அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் தன்னுடைய மூன்று குறும்படங்களைக் காட்ட எந்த நிறுவனத்தின் அழைப்புக்கும் காத்திருக்காமல், நியூயார்க்கில் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சிறிய நாடக அரங்கை வாடகைக்கு எடுத்தார். கூட்டம் வந்தது. பார்க்க வந்தவர்களில் ஏமஸ் வோகல் என்பவரும் இருந்தார். அந்தத் திரையிடல் தந்த உந்துதலில், மறு ஆண்டே அவர் 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் மாற்று சினிமாவுக்குப் பார்வையாளர்களை உருவாக்கியதில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய விழா நடத்தும் வசதி இல்லையே என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடகை அரங்கு ஒன்றும் மூன்று படங்களும் போதுமானதாக இருந்தன.

குறும்படம் என்றால் எத்தனை நிமிடம்?

ஒரே அளவுகோல் கிடையாது. ஆஸ்கர் விருதுக்குப் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை ஏற்கிறார்கள். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான் உச்சவரம்பு. உங்கள் திரையிடலுக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் வரிசை அமைப்பது எளிது. 25 நிமிடத்தைத் தாண்டும் படம் ஒன்றைச் சேர்த்தால் அதற்காக இரண்டு படங்களை விட வேண்டிவரும். அதற்கு அந்தப் படம் தகுதியானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து இயக்கிய படத்தை எடுத்துக்கொள்ளலாமா? எழுதியவர் மட்டும் பெண் என்றால்?

இணை இயக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. மேலே சொன்ன டெரனின் புகழ்பெற்ற 1943-ஆம் ஆண்டுப் படமே அவர் தன் கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து எடுத்ததுதான். எழுத்தாளரோ தயாரிப்பாளரோ மட்டும் பெண் என்றால் அந்தப் படம் வேறொரு தொகுப்புக்கு உரியது. இங்கே இயக்கத்தை முன்னிறுத்துகிறோம்.

பிரிட்டனின் பாத் திரைப்பட விழாவில் 2014-இல் 'எஃப்-ரேட்டிங்' என்ற குறியீட்டைத் தொடங்கினார்கள். பெண் இயக்கியிருந்தாலோ பெண் எழுதியிருந்தாலோ அந்தக் குறி கிடைக்கும். இரண்டும் இருந்து, திரையிலும் பெண்களுக்கு முக்கியமான பங்கு இருந்தால் மூன்று மடங்குக் குறி. உங்கள் அளவுகோல் எதுவானாலும் விண்ணப்ப அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். திருநங்கைகளை வரவேற்கிறீர்கள் என்பதையும் அங்கேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் தயங்கித் தயங்கி மின்னஞ்சல் எழுதிக் கேட்கும் நிலை வரக் கூடாது.

படங்கள் பெண்களின் பிரச்சினைகளைப் பற்றியவையாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்த எதிர்பார்ப்பு எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் இதைப் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்கள்தான் வைக்கிறார்கள். பெண் எடுத்த படம் என்றால் துயரம் இருக்க வேண்டும், வன்முறை இருக்க வேண்டும், முடிவில் விழிப்புணர்வு இருக்க வேண்டும் என்று தேர்வுக்குழு தேடத் தொடங்கினால், விண்ணப்பிக்கிறவர்களும் அதையே எடுத்து அனுப்பத் தொடங்குவார்கள்.

நியூசிலாந்து இயக்குநர் ஜேன் காம்பியன் மாணவியாக இருந்தபோது எடுத்த 'பீல்' என்ற 9 நிமிடப் படத்தில் ஒரு சிறுவன், அவன் அப்பா, அத்தை ஆகிய மூவரும் காரில் போகிறார்கள். சிறுவன் ஆரஞ்சுத் தோலை வெளியே வீசுகிறான். அதைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்கிறார் அப்பா. கதை அவ்வளவுதான். மூவருமே பிடிவாதக்காரர்கள். அந்தப் பிடிவாதம் வெயிலில் எப்படி முற்றுகிறது என்பதுதான் படம். 1986-இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருது அதற்குக் கிடைத்தது. ஈரானியக் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் 1962-இல் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றில் எடுத்த ஆவணப்படம் சுமார் 20 நிமிடம் ஓடுகிறது. அதில் வரும் முகங்களில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஜெர்மானிய அனிமேஷன் இயக்குநர் லோட்டே ரைனிகர் கத்தரிக்கோலால் தாளை வெட்டி நிழலுருவங்களாக்கித் தேவதைக் கதைகள் சொன்னார். இந்த மூன்றையும் ஒரே தலைப்புக்குள் அடக்க முடியாது. முடியாமல் இருப்பதுதான் நல்லது.

பெண்கள் எதிர்கொள்ளும் ஒடுக்குமுறையைப் பற்றிய படம் வந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் உருவத்தாலும் உறுதியாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிரிக்க வைக்கும் படம், பயமுறுத்தும் படம், கதையே இல்லாத படம், அறிவியல் புனைவு ஆகியவற்றுக்கும் அதே அளவு இடம் கொடுங்கள்.

படங்களை எங்கே தேடுவது?

பொது அறிவிப்பு ஒரு வழி. அது மட்டும் போதாது. அறிவிப்பைப் பார்த்து உடனே அனுப்புகிறவர்கள் ஏற்கெனவே விழாக்களுக்குப் பழகியவர்கள். தன் படம் இதற்கெல்லாம் தகுமா என்று தயங்குகிறவரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். திரைப்படக் கல்லூரிகளின் பட்டப்படிப்புப் படங்கள், ஓபர்ஹவுசன், கிளெர்மோன்-ஃபெரான் போன்ற குறும்பட விழாக்களின் பழைய பட்டியல்கள், பெண்களின் படங்களுக்கான விநியோக அமைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர்களையும் படத்தொகுப்பாளர்களையும் கேளுங்கள். யாருடைய படம் முடிந்தும் வெளிவராமல் வன்தட்டில் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய படங்களையும் மறந்துவிடாதீர்கள். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் ஆக்கெர்மான் 1968-இல், 18 வயதில், தானே நடித்து 13 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். ஒரு பெண், ஒரு சமையலறை, முணுமுணுக்கும் பாட்டு. அவருடைய 1975-ஆம் ஆண்டு முழுநீளப் படம் 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் மிகச் சிறந்த படமாக முதலிடம் பிடித்தது. அதையும் ஒரு பெண்ணின் சமையலறையைச் சுற்றித்தான் அவர் எடுத்திருந்தார். பழைய படம் ஒன்றைப் புதியவற்றின் நடுவே வைத்தால், இளம் இயக்குநர்கள் தங்களுக்கு முன்னால் ஒரு பரம்பரை இருப்பதைப் பார்ப்பார்கள்.

விண்ணப்பக் கட்டணம் வாங்கலாமா?

முடிந்தவரை வாங்காதீர்கள். பணமில்லாதவரைத்தான் அது முதலில் வெளியே நிறுத்தும்.

தேர்வுக்குழுவில் யார் இருக்க வேண்டும்?

மூன்று முதல் ஐந்து பேர் போதும். பெரும்பான்மையினர் பெண்களாக இருக்கட்டும். ஒருவராவது படம் எடுத்த அனுபவமுள்ளவராகவும், ஒருவராவது சினிமாத் துறைக்கு வெளியே இருந்துகொண்டு நிறையப் படம் பார்க்கிறவராகவும் இருந்தால் பேச்சு சுவையாக இருக்கும். மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையை நான் நம்புவதில்லை. ஐந்து பேருக்கும் ஓரளவு பிடித்த படம் சராசரியில் மேலே வந்துவிடும். ஒருவரை உலுக்கிவிட்டு மற்ற நால்வருக்கும் புரியாமல் போன படம் கீழே போய்விடும். குறும்படத்தில் துணிச்சலான முயற்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன. ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், மற்றவர்கள் மறுத்தாலும் ஒரே ஒரு படத்தைப் பட்டியலில் சேர்க்கும் உரிமையைக் கொடுங்கள்.

நிராகரிப்புக் கடிதத்தைக் கட்டாயம் அனுப்புங்கள். இரண்டு வரி போதும். பதிலே வராமல் இருப்பதுதான் அடுத்த படத்தை அனுப்பவிடாமல் தடுக்கிறது.

ஒரு காட்சிக்கு எத்தனை படங்கள்? எந்த வரிசையில்?

75 முதல் 90 நிமிடத்துக்குள் ஆறு அல்லது ஏழு படங்கள். வரிசையில்தான் தொகுப்பாளரின் கை தெரியும். இதற்கு ஒரு மாலை முழுவதையும் செலவழிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. கையில் ஆறு படங்கள் இருக்கின்றன என்று கொள்வோம்: 12 நிமிட நகைச்சுவை, 4 நிமிட அனிமேஷன், வசனமே இல்லாத 15 நிமிடக் கதை, சிறைக்கைதியின் குடும்பத்தைப் பற்றிய 22 நிமிட ஆவணப்படம், 7 நிமிடப் பரிசோதனைப் படம், 18 நிமிடக் குடும்பக் கதை. மொத்தம் 78 நிமிடம். நகைச்சுவையை முதலில் வைப்பேன். தாமதமாக வருகிறவர்கள் இருட்டில் இடம் தேடும் சலசலப்பை அது தாங்கிக்கொள்ளும். சேர்ந்து சிரித்த பார்வையாளர்கள் அதற்குள் ஒரு கூட்டமாக ஆகியிருப்பார்கள். அடுத்து அனிமேஷன். அதன்பின் வசனமற்ற கதை. இப்போது அரங்கு அமைதிக்குத் தயாராகியிருக்கும்.

ஆவணப்படம் நான்காவது. அதற்குப் பின் என்ன வைப்பது என்பதுதான் கடினமான முடிவு. கனத்த படத்துக்குப் பின் மனத்தை இலேசாக்க வேண்டும் என்று வேடிக்கையான அனிமேஷனை வைப்பவர்கள் உண்டு. அது இரண்டு படங்களுக்கும் செய்யும் அநீதி. முந்தையது கலைந்துபோகும், பிந்தையது அற்பமாகத் தெரியும். பரிசோதனைப் படத்தை அங்கே வைத்துப் பாருங்கள். கதை எதையும் கேட்காமல் ஒளியும் ஒலியுமாக ஓடும் அந்த 7 நிமிடத்தில், பார்வையாளர் சிறைப் படத்தைத் தன்னுள் அடுக்கிக்கொள்வார். தனியாகக் காட்டியிருந்தால் பலரும் நெளிந்திருக்கக்கூடிய அந்தப் படமும் தக்க இடத்தில் வந்து விழும். குடும்பக் கதை கடைசி.

ஒரே பொருளைத் தொடும் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். தாயின் மரணத்தைப் பற்றி இரண்டு படங்கள் ஒட்டி வந்தால் இரண்டாவது படத்தைப் பார்வையாளர்கள் முதலாவதோடு ஒப்பிட்டுக்கொண்டேதான் பார்ப்பார்கள்.

படத்துக்கும் படத்துக்கும் நடுவே ஐந்தாறு விநாடி கறுப்புத் திரை தேவை. முடிவில் வரும் பெயர்ப்பட்டியலை வெட்டாதீர்கள், விளக்கையும் போடாதீர்கள். ஒளிப்பதிவு செய்த பெண், ஒலிப்பதிவு செய்த பெண், படத்தொகுப்பு செய்த பெண் எல்லாரும் அந்த ஓடும் எழுத்துகளில்தான் இருக்கிறார்கள்.

இயக்குநருக்குப் பணம் தர வேண்டுமா?

ஆம். அரங்குக்கு வாடகை தருகிறீர்கள், சுவரொட்டி அச்சிட்டவருக்குத் தருகிறீர்கள், ஒலிபெருக்கிக்காரருக்குத் தருகிறீர்கள். யாருடைய படைப்பைப் பார்க்கக் கூட்டம் வருகிறதோ அவருக்கு மட்டும் 'நல்ல வாய்ப்பு' என்று சொல்லி அனுப்புவது முறையல்ல. அதைப் பெண்களின் படைப்பைக் கொண்டாடும் நிகழ்ச்சியிலேயே செய்வது இன்னும் வருத்தமானது. பெண்களின் உழைப்பு கூலியில்லாமல் கிடைக்கும் என்ற பழைய நம்பிக்கையை நாமே தொடர்வதாகிவிடும்.

தொகை சிறியதாக இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே கணக்கில் இருக்கட்டும், அழைப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கட்டும். டிக்கெட் விற்றால் வருவாயில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம். உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லையென்றால் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் யூடியூபில் இருக்கிறதே, அனுமதி எதற்கு?

யூடியூபில் இருப்பது தனிப்பட்ட முறையில் பார்ப்பதற்கு. கூட்டத்தைக் கூட்டிக் காட்டுவதற்குப் படத்தின் உரிமையாளரிடம் எழுத்து வடிவில் அனுமதி வாங்க வேண்டும். உரிமை எப்போதும் இயக்குநரிடமே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மாணவர் படங்களின் உரிமை பெரும்பாலும் கல்லூரியிடம் இருக்கும், சில படங்களுக்குத் தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ இருக்கும். படத்தில் வரும் பாடலுக்கு விழாத் திரையிடலுக்கு மட்டும் உரிமம் வாங்கியிருக்கிறார்களா, இணையத்துக்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றோ அதிலிருந்து விலக்கோ தேவையா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை அரங்கை முன்பதிவு செய்யும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தொழில்நுட்ப ஏற்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒலியைத்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்.

ஆறு படங்கள் ஆறு வெவ்வேறு அறைகளில் ஒலிக்கலவை செய்யப்பட்டவை. இணையத்துக்காகக் கலக்கப்பட்டது உரக்க இருக்கும், திரையரங்குக்காகக் கலக்கப்பட்டது தாழ்வாக இருக்கும். ஒரே அளவில் ஓடவிட்டால் நகைச்சுவைப் படம் காதைக் கிழிக்கும், அடுத்த படத்தில் கிசுகிசுப்பு எதுவும் கேட்காது. முந்தைய நாளே அரங்கில் ஒவ்வொரு படத்திலும் இரண்டு இடங்களை ஓட்டிப் பாருங்கள்: மிகத் தாழ்வாகப் பேசும் இடம், மிக உரக்க ஒலிக்கும் இடம். ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும், மற்றவர் ஒலி அளவைத் தாளில் குறித்துக்கொள்ளட்டும். காலி அரங்கில் ஒலி கூடுதலாக எதிரொலிக்கும். ஆட்கள் நிறைந்தால் அமுங்கும். அதற்கேற்ப ஒரு படி கூட்டி வைக்கவும்.

படத்தைப் பொறுத்தவரை, நல்ல திரையரங்கு என்றால் டி.சி.பி. (திரையரங்குகளின் டிஜிட்டல் திரையிடலுக்கான வடிவம்) கோப்பு கேட்பார்கள். சிறிய அரங்கில் கணினியிலிருந்து ஓட்டுவதென்றால் எம்.பி.4 கோப்பே போதும். விநாடிக்கு 24 சட்டகமா 25 சட்டகமா என்று கேட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள். கலந்து ஓட்டினால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் குலுங்கும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், படத்தைக் குறை சொல்வதற்கு முன் கணினியும் புரொஜெக்டரும் ஒரே வண்ண வரம்பில் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இரவுக் காட்சிகள் கொண்ட படத்தை இந்த ஓர் அமைப்பே கெடுத்துவிடும். மின்சேமிப்பு, அறிவிப்புகள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவே ஓட்டாதீர்கள்.

தமிழில் சப்டைட்டில் போடலாமா?

கட்டாயம். பிறமொழிப் படங்கள் நம் பார்வையாளர்களுக்கு நெருங்கி வர அதைவிட நல்ல வழி இல்லை. தனிக் கோப்பாகத் தரும்போது யூனிகோடில் சேமித்து, அரங்கின் கணினியிலேயே சோதித்துப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அப்படி நேர்ந்தால் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுவது பாதுகாப்பு. அதற்கும் இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பேசிய ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்தால் பார்வையாளர் முகங்களைப் பார்க்காமல் எழுத்தையே படித்துக்கொண்டிருப்பார். இரண்டு வரிக்குள் சுருக்குங்கள். காது கேளாதவர்களுக்காகத் தமிழ்ப் படங்களுக்கும் ஒலிக்குறிப்புகளுடன் சப்டைட்டில் இருந்தால் மிக நல்லது.

வன்முறைக் காட்சிகள் இருந்தால் முன்னறிவிப்பு தர வேண்டுமா?

ஒரு வரியில் தாருங்கள், நிகழ்ச்சித் தாளிலும் வாசலிலும். கதையின் திருப்பத்தை வெளியிடாமல் சொல்ல முடியும். அரங்கை விட்டுப் போய்விட்டு அடுத்த படத்துக்குத் திரும்பி வரலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கலந்துரையாடலை எப்படி நடத்துவது?

'பெண்ணாக இருந்துகொண்டு படம் எடுத்தது எப்படி இருந்தது?' என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். எல்லாப் பெண் இயக்குநர்களும் அதற்குப் பலமுறை பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலில் அவர்கள் எடுத்த படம் இடம்பெறாது. பொறுப்பாளர் படத்தை இரண்டு முறையாவது பார்த்துவிட்டு வந்து, ஒரு குறிப்பிட்ட காட்சியைப் பற்றிக் கேட்க வேண்டும். 'சமையலறையில் சண்டை நடக்கும்போது கேமரா ஏன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது?' என்று கேட்டுப் பாருங்கள். அறை சிறியது, கேமராவை உள்ளே வைக்க இடமில்லை என்று அவர் சொல்லலாம். அந்தக் கதாபாத்திரத்தின் அழுகையை அருகில் போய்க் காட்ட மனம் வரவில்லை என்றும் சொல்லலாம். முதலாவது நெருக்கடியாக இருந்து பிறகு அதுவே இரண்டாவதாக மாறியது என்று சொல்லவும் கூடும். எந்தப் பதில் வந்தாலும், ஓர் இயக்குநர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அரங்கு கேட்டுவிடும். துறையில் பெண்ணாக இருப்பதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமிருந்தால் அவரே அங்கே வந்து சேர்வார்.

கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவாற்றும் பார்வையாளரைப் பொறுப்பாளர் கனிவோடு நிறுத்த வேண்டும். இது மரியாதைக் குறைவல்ல. மேடையில் இருப்பவருக்கு ஒதுக்கிய நேரம் அவருக்கே உரியது. ஆறு இயக்குநர்களையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுப்பதைவிட, மூன்று பேரோடு நன்றாகப் பேசிவிட்டு மற்ற மூவருக்கு அடுத்த காட்சியில் இடம் தருவது மேல்.

ஆண்கள் வரலாமா?

வர வேண்டும். பெண்கள் எடுத்த படங்களைப் பெண்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

மார்ச் 8-ஐ ஒட்டி நடத்துவது நல்லதுதானே?

நடத்தலாம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஒரே இயக்குநருக்குப் பல இடங்களிலிருந்து அழைப்பு வரும். மற்ற மாதங்களில் யாரும் கூப்பிட மாட்டார்கள். உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நிகழ்ச்சிதான் சாத்தியம் என்றால் ஆகஸ்டிலோ நவம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறிய காட்சி நடத்த முடிந்தால் அதைவிடச் சிறப்பு. தொடர்ந்து வரும் நாற்பது பேர், ஒருநாள் மட்டும் வரும் நானூறு பேரைவிட ஓர் இயக்குநருக்குப் பயன்படுவார்கள்.

நான் இயக்குநர். என் முதல் குறும்படம் தயார். எங்கே அனுப்புவது?

உடனே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். சில விழாக்கள் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். இணையத்தில் வெளியான படத்தை ஏற்காத விழாக்களும் உண்டு. எந்த விழாக்கள் உங்கள் படத்துக்குப் பொருந்தும் என்று அவற்றின் முந்தைய தேர்வுகளைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஓர் ஆண்டுக்குத் திட்டம் போட்டு, அதன்பின் இணையத்துக்குக் கொண்டுபோகலாம். பெண்கள் திரைப்பட விழாக்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ள வேண்டாம். பொது விழாக்களுக்கும் குறும்பட விழாக்களுக்கும் அனுப்புங்கள்.

கடவுச்சொல்லுடன் கூடிய பார்வை இணைப்பு, இரண்டு வரிக் கதைச்சுருக்கம், படத்திலிருந்து எடுத்த தெளிவான மூன்று நிழற்படங்கள், உங்களைப் பற்றி ஐந்து வரி, வசனப் பட்டியல் இவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் நீங்கள் வேலை செய்யும் நிழற்படம் ஒன்றும் இருக்கட்டும். பத்திரிகைகள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். படப்பிடிப்பு முடிந்தபின் அதை எடுக்க முடியாது.

ஓரிரு நிமிடத்தைக் குறைக்க முடியுமா என்றும் யோசியுங்கள். தொகுப்பாளர்களுக்கு 12 நிமிடப் படத்துக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது, 24 நிமிடத்துக்குக் கடினம். ஆனால் படம் 24 நிமிடத்தைக் கேட்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் வெட்டாதீர்கள். 2005-இல் ஆஸ்கர் பெற்ற, பிரிட்டிஷ் இயக்குநர் ஆண்ட்ரியா ஆர்னால்டின் 'வாஸ்ப்' 20 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற படம்தான்.

இணையத்தில் மட்டும் நடத்தினால் போதுமா?

தொலைவில் இருப்பவர்களுக்கும், இரவில் வெளியே வர முடியாதவர்களுக்கும், சிறு குழந்தை உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. குறிப்பிட்ட நாள்கள் மட்டும் திறந்திருக்கும்படி வைத்து, எந்தெந்த நாடுகளில் பார்க்கலாம் என்பதை இயக்குநரைக் கேட்டு வரையறுங்கள். இருந்தாலும் அரங்குக் காட்சி ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தன் படத்தின் எந்த இடத்தில் அரங்கு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, எந்த இடத்தில் இருமுகிறது என்று இருட்டில் உட்கார்ந்து கேட்பது இயக்குநருக்கு வேறெங்கும் கிடைக்காத பாடம்.

திரையிடல் முடிந்தபின் செய்ய வேண்டியது என்ன?

கோப்புகளை ஒப்புக்கொண்டபடி அழித்துவிட்டுத் தெரிவியுங்கள். நிகழ்ச்சித் தாளின் பிரதியைத் தேதி, இடம், படத்தின் பெயர், இயக்குநரின் பெயர், ஆண்டு, நிமிடம், குழுவினரின் பெயர்கள் ஆகியவற்றோடு ஒரு நூலகத்துக்கோ திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். ஆலிஸ் கீ பிற்காலத்தில் தன் படங்களைத் தேடி அலைந்தும் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. எவை தன்னுடையவை என்று பட்டியலைத் திருத்தும் வேலையையும் அவரே செய்ய வேண்டியிருந்தது. பெயரை இயக்குநர் எழுதும் அதே எழுத்துகளில் பதிவுசெய்யுங்கள். முன்னெழுத்து எது, திருமணத்துக்கு முந்தைய பெயரா பிந்தைய பெயரா என்பதை அவரிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இயக்குநர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள்: திரையிட்ட நாள், அரங்கு, வந்தவர்களின் எண்ணிக்கை, கலந்துரையாடலில் படத்தைப் பற்றி யாராவது சொன்ன ஓரிரு வாக்கியங்கள், இரண்டு நிழற்படங்கள். அடுத்த படத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது அவர் இணைக்கப்போகும் சான்று அது. தொகையையும் கடிதத்தையும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.